சமையல் குறிப்பைச் சமைக்கத் தெரியாதவரிடம் கொடுத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பின் சமையல் பக்கத்தைச் சென்ற ஆண்டுவரை நான் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை. இப்போது வாரந்தோறும் கத்தரித்துக் கோப்பில் சேர்க்கிறேன். அதில் வருவதைச் செய்தும் பார்க்கிறேன். அந்த உரிமையில் ஒரு புகாரும் ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன்.

உங்கள் குறிப்புகளை எழுதுகிறவர்கள் சமைக்கத் தெரிந்தவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறார்கள். அவர்களுக்கோ குறிப்பே தேவையில்லை. தேவைப்படுகிற எங்களுக்கு அதில் பாதி விளங்குவதில்லை. இதுதான் புகார்.

நான் கோட்டையூரிலும் சுற்று ஊர்களிலும் நியாயவிலைக் கடை விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அரிசி, பருப்பு, சர்க்கரை என்று வாழ்நாளெல்லாம் சமையல் சாமான்களுக்கு நடுவில் நின்றிருக்கிறேன். அடுப்புக்கு முன்னால் நின்றதில்லை. சென்ற ஆண்டு என் மனைவிக்கு மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டார்கள். மகன் குடும்பம் பெங்களூரில் இருக்கிறது. சில நாள் ஓட்டல் சாப்பாட்டில் ஓட்டினோம். பிறகு மனைவி அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ள, நான் உள்ளே போனேன்.

"உப்பு எவ்வளவு?" என்று கேட்டேன். "பார்த்துப் போடுங்கள்" என்றார். பார்த்தால் உப்பு தெரிகிறது, அளவு தெரியவில்லையே என்றேன். "கொஞ்சம் கூடப் போடுங்கள்... போதும், போதும்" என்று பதில் வந்தது. இப்படியே ஒரு சாம்பார் முடிந்தது. அது நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மறுநாள் அதே சாம்பாரை வைக்க எனக்குத் தெரியாது. ஏனென்றால் நான் கற்றுக்கொண்டது எதுவுமில்லை. அவர் வாயால் சமைத்தார், நான் கையை மட்டும் கடன் கொடுத்தேன்.

கட்டுப் பிரித்து அவர் அடுப்படிக்குத் திரும்பியதும் ஒரு வேலை செய்தேன். கடையில் பழகிய புத்தி போகுமா? சிறிய மின்தராசு ஒன்று வாங்கி, அதன் மேல் ஒரு தட்டை வைத்து, "குழம்பில் போடுவதற்கு முன் உப்பை இதில் ஒரு தடவை போட்டு எடு" என்றேன். சிரித்துக்கொண்டே போட்டார். அடுத்தடுத்த நாள்களிலும் போட வைத்தேன். ஐந்து விரலும் சேர்த்து அவர் அள்ளும் கல் உப்பு எப்போதும் ஏறத்தாழ ஒரே எடை. கூடினாலும் குறைந்தாலும் ஒரு கிராமுக்குள்தான். புளிக்கும் அப்படியே, மிளகாய்த்தூளுக்கும் அப்படியே. இவ்வளவு துல்லியமான கையை எங்கள் கடையில் எடைபோட்டவர்களிடம்கூட நான் பார்த்ததில்லை.

இதிலிருந்து எனக்குப் பட்டது இதுதான். கைப்பக்குவம் என்று நாம் பெருமையாகச் சொல்வதில் மந்திரம் எதுவும் இல்லை. அதுவும் அளவுதான், பழகிப் பழகிக் கைக்குள் போய் ஒளிந்துகொண்ட அளவு. அந்தக் கை உள்ளவருக்குத் தராசு வேண்டாம். இல்லாதவரைப் பார்த்து "கைப்பக்குவமாகச் செய்யுங்கள்" என்றால் அவர் எந்தக் கையால் செய்வார்?

எங்கள் தெருவில் கல்யாணப் பலகாரம் செய்துகொடுக்கும் ஓர் ஆச்சி இருக்கிறார். அவரிடம் வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு கேட்டேன். "அதெல்லாம் கைதான் சொல்லும், தம்பி" என்றுதான் அவரும் தொடங்கினார். விடாமல் கேட்டதும் சொன்னார்: டம்ளரில் பச்சரிசியைத் தலைதட்டி எடுத்து, அதற்கு மேலேயே உளுந்தைக் கோபுரமாக நிற்கும்வரை கொட்ட வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. எவ்வளவு அழகான கணக்கு! எழுதப் படிக்கத் தெரியாதவரும் மறக்க முடியாது. உளுந்து கூடினால் பணியாரம் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் விறைத்துப்போகும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவதற்காக யாரோ ஒருவர் பலமுறை செய்து பார்த்துக் கண்டுபிடித்த விகிதம் அது.

நான் அதையும் நிறுத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டு 200 மில்லி டம்ளரில் அரிசி 170 கிராமுக்குச் சற்று மேல், கோபுர உளுந்து 30 கிராமை ஒட்டி இருந்தது. அதே அளவு கொள்ளும், ஆனால் வாய் குறுகலான இன்னொரு டம்ளரில் எடுத்தால் அரிசி மாறவில்லை. உளுந்து மட்டும் வெகுவாகக் குறைந்துவிட்டது. வாய் அகலமாக இருந்தால்தானே கோபுரம் பெரிதாக நிற்கும்! ஆச்சி சொன்ன கணக்கு ஆச்சியின் டம்ளருக்குச் சரி. சென்னையில் உயரமான டம்ளர் வைத்திருக்கும் அவர் பேத்தி அதே குறிப்பைப் பின்பற்றினால் பணியாரம் கல்லாகும். "எனக்கு ஆச்சியின் கை வரவில்லை" என்று அந்தப் பெண் நினைத்துக்கொள்வாள். கை மேல் என்ன குற்றம்? டம்ளர்தான் வேறு.

நம் முன்னோர்கள் எல்லாவற்றையும் குத்துமதிப்பாகச் செய்தார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 360 நெல் ஒரு செவிடு, 5 செவிடு ஓர் ஆழாக்கு, 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி. நெல்மணியை எண்ணி அளவு வகுத்தவர்கள் அவர்கள். எடைகளுக்கும் அளவுகளுக்குமான சட்டம் 1956இல் வந்து மெட்ரிக் முறை நடைமுறைக்கு வந்த பிறகு படியும் ஆழாக்கும் பரணுக்குப் போய்விட்டன. போகட்டும். ஆனால் அந்த இடத்துக்குக் கிராமும் மில்லியும் நம் அடுப்படிக்குள் வரவில்லையே! கடைக்கு வந்தன, மருந்துக்கு வந்தன, சமையல் குறிப்புக்கு மட்டும் வர மறுக்கின்றன. அங்கே இன்னமும் "தேவையான அளவு"தான் உட்கார்ந்திருக்கிறது.

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாணச் சமையல்காரர் எழுதிக்கொடுக்கும் சிட்டையை வாங்கிப் பாருங்கள். ஐந்நூறு இலைக்கு அரிசி இத்தனை கிலோ, துவரம்பருப்பு இத்தனை, ஏலக்காய் இத்தனை கிராம், கல்பாசி இத்தனை என்று கடைசி வரிவரை எண் இருக்கும். "தேவையான அளவு" என்று ஒரு வரி எழுதினால் பெண் வீட்டார் அவரை வைத்துக்கொள்வார்களா? காசு கொடுக்கிறவருக்கு அளவு உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவருக்குத்தான் இல்லை.

இனி உங்கள் பக்கத்துக்கே வருகிறேன்.

கிருஷ்ண ஜெயந்தியை ஒட்டி உப்புச் சீடை வெளியிட்டிருந்தீர்கள். "மாவைப் பிசைந்து சிறு உருண்டைகளாக உருட்டி, எண்ணெய் காய்ந்ததும் பொரித்தெடுக்கவும்" என்று இருந்தது. சீடை வெடிக்கும் என்று ஒரு சொல் இல்லை. தெரிந்தவர்களுக்கு அது தெரியும். அவர்கள் மாவை இரண்டு தடவை சலிப்பார்கள், அழுத்தி உருட்டாமல் மேலோட்டமாக உருட்டுவார்கள், துணியில் பரப்பி ஈரம் போக விடுவார்கள், சிலர் ஊசியால் ஒரு குத்தும் குத்துவார்கள். உருண்டையின் மேல்பக்கம் சீக்கிரம் இறுகிவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழியின்றி வெடிக்கிறது. அவ்வளவுதான் காரணம். இதை எழுத மூன்று வரி போதும். எழுதாவிட்டால், முதல்முறை செய்கிற ஒரு பெண்ணின் முகத்திலோ ஒரு பையனின் கையிலோ கொதிக்கும் எண்ணெய் தெறிக்கும். என் மனைவி குறிப்பைப் படித்துவிட்டு என்னை அடுப்புப் பக்கமே விடவில்லை. அந்த நாற்காலி இல்லாத வீட்டில் யார் தடுப்பார்கள்?

எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, எரிவாயுவை நிறுத்தி மூடியால் மூட வேண்டும் என்பதையும் பொரிக்கும் பலகாரக் குறிப்பு ஒவ்வொன்றின் அடியிலும் போட்டால் என்ன? பீடிக் கட்டின் மேல்கூட எச்சரிக்கை உண்டு.

குக்கர் விசில் இன்னொரு தொல்லை. "மூன்று விசில் விட்டு இறக்கவும்." எந்த அடுப்பில்? பெரிய பர்னரில் முழுத் தீயில் வைத்தால் மூன்று விசிலும் சடசடவென்று வந்துவிடுகிறது, பருப்பு நறுக்கென்று நிற்கிறது. சிம்மில் வைத்தால் மூன்றாவது விசிலுக்குள் பருப்பு கூழாகிவிடுகிறது. விசில் என்பது உள்ளே அழுத்தம் ஏறிவிட்டது என்ற அறிவிப்பு மட்டுமே. உள்ளே சூடு ஏறத்தாழ 120 டிகிரிக்குப் போயிருக்கும். அதன் பிறகு எத்தனை நிமிடம் அந்தச் சூட்டில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து நிமிடத்தை எண்ணத் தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டுப் பருப்பு தினமும் ஒன்றுபோல இருக்கிறது. மனைவி இப்போதும் விசில்தான் எண்ணுகிறார். ஆனால் என் பருப்பைக் குறை சொல்வதில்லை.

உப்பிலும் எது என்று சொல்வதில்லை. ஒரு தேக்கரண்டி தூள் உப்பு, தலைதட்டி எடுத்தால், 6 கிராம் வரை நிற்கிறது. கல் உப்பு அதற்குள் இடைவெளி விட்டு உட்காருவதால் எடை குறைகிறது. குறிப்பில் "உப்பு 1 தேக்கரண்டி" என்றால் எதை எடுப்பது?

கேக் விஷயத்தில் எனக்கு ஆதங்கம் அதிகம். விடுமுறைக்கு வந்த பேத்திக்காக மகன் ஒரு சிறிய ஓவன் வாங்கிவைத்தான். அவர்கள் ஊருக்குப் போன பிறகு அது எனக்கு ஆகிவந்தது. உங்கள் இணைப்பில் வந்த கேக் குறிப்பில் "மைதா 1 கப், முட்டை 3, அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய் 100 கிராம், சோடா உப்பு அல்லது பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி" என்று இருந்தது. வரிக்கு வரி கேட்கிறேன்.

கப் என்பது எந்தக் கப்? 200 மில்லியும் உண்டு, 240ம் உண்டு, 250ம் உண்டு. ஒரே 240 மில்லி கப்பில் மைதாவைச் சலித்துத் தூவி நிரப்பினால் 120 கிராம், டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம். முட்டை மூன்று என்றால் பண்ணைக்கோழி முட்டையா, எங்கள் வீட்டுக் கொல்லையில் கிடைக்கும் நாட்டுக்கோழி முட்டையா? ஓடு நீக்கினால் முன்னது 50 கிராமை ஒட்டி வரும், பின்னது அதற்கு வெகுவாகக் குறையும். சோடா உப்பையும் பேக்கிங் பவுடரையும் "அல்லது" போட்டு எழுதியது பெரிய அநியாயம். சோடா உப்பு மூன்று நான்கு மடங்கு வீரியம் உள்ளது. தயிர், எலுமிச்சை என்று புளிப்பு ஏதாவது இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். பேக்கிங் பவுடரில் அந்தப் புளிப்பும் சேர்த்தே வருகிறது. புளிப்பே இல்லாத மாவில் ஒரு தேக்கரண்டி சோடா உப்பைப் போட்டால் வருவது கேக் அல்ல, சோப்பு வாசனை.

"அறை வெப்பநிலை" என்று எழுதியவர் கொடைக்கானலில் இருக்கிறார் போலும். வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டினாலே உருகத் தொடங்கும். சித்திரையில் எங்கள் ஊர் அறை வெப்பநிலையில் வெண்ணெய் நெய்யாகத்தான் இருக்கும். சர்க்கரையோடு சேர்த்துக் குழைக்கும்போது வெண்ணெய் காற்றைப் பிடித்துவைக்க வேண்டும். உருகிய வெண்ணெய் அதைப் பிடிக்காது, கேக் அடங்கிப்போகும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரல் வழுக்கக் கூடாது. இந்த அடையாளத்தைச் சொன்னால் கொடைக்கானல்காரருக்கும் கோட்டையூர்க்காரனுக்கும் ஒன்றாகப் பொருந்தும். நான் அதிகாலையில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இன்னும் குளிர்ச்சியாக இருக்கும்போது, அந்தத் தரையிலேயே பாத்திரத்தை வைத்துக் குழைக்கிறேன். (முட்டையின் வெள்ளைக்கருவைச் சுண்ணாம்போடு சேர்த்துச் சுவரில் பூசிய ஊர் இது. அடுப்படியில் முட்டையை அடித்து நுரைக்கும்போதெல்லாம், அந்தக் காலத்துக் கொத்தனார்களும் இப்படித்தான் அடித்திருப்பார்களோ என்று தோன்றும்.)

பேத்தியும் நானும் இப்போது பின்பற்றும் கணக்கு எளியது. முட்டையை உடைத்து ஊற்றி நிறுக்கிறோம். என்ன எடையோ அதே எடைக்கு வெண்ணெய், அதே எடைக்குச் சர்க்கரை, அதே எடைக்கு மைதா. முட்டை எந்தக் கோழியுடையதாக இருந்தாலும் கவலையில்லை. மைதா சேர்த்த பிறகு அதிகம் கலக்குவதில்லை, கலக்கக் கலக்க மாவில் பிசுபிசுப்பான இழுவை வந்து கேக் ரப்பராகிவிடும். ஓவனை முன்னதாகவே 180 டிகிரிக்குச் சூடேற்றிவிடுகிறோம். ஓவனின் திருகு காட்டும் எண்ணை நம்பாமல் உள்ளே ஒரு வெப்பமானி வைத்திருக்கிறேன், தராசுக்கு முத்திரை பார்த்துப் பழகியவனுக்கு அந்தச் சந்தேகம் இயல்பு. வெந்ததா என்று பார்க்க நடுவில் ஓர் ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக் கூடாது. பேத்தி இதைத் தொலைபேசியில் தன் தோழிக்குச் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பெண்ணும் செய்துவிட்டாள். வாயால் சொன்னாலே கைமாறிப் போகிறது, ஏனென்றால் அதில் அளவு இருக்கிறது.

நேரத்திலும் இப்படித்தான். ரொட்டிக்கு "ஈஸ்ட் கலந்த மாவை இரண்டு மணி நேரம் மூடி வைக்கவும்" என்று போட்டிருந்தீர்கள். இட்லி மாவு மார்கழியில் எவ்வளவு நேரம், சித்திரையில் எவ்வளவு நேரம் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். ஈஸ்டும் அதே குணந்தான். எங்கள் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் மாவு இரண்டு மடங்காகிவிடுகிறது. இரண்டு மணி நேரம் காத்திருந்தால் புளித்து வழியும். மணியைச் சொல்லுங்கள், கூடவே "இரண்டு மடங்காகும்வரை" என்றும் சொல்லுங்கள். மாவு கடிகாரம் பார்ப்பதில்லை.

கிழவனுக்கு ஏன் இந்த வேலை என்று சிலர் கேட்கிறார்கள். கேட்கட்டும். ஒருகாலத்தில் இந்தப் பக்கத்திலிருந்து ரங்கூனுக்கும் பினாங்குக்கும் தொழிலுக்குப் போனவர்கள் கிட்டங்கியில், அதாவது தொழிலிடமும் தங்குமிடமும் ஒன்றான பொதுக் கட்டடத்தில், தங்கினார்கள், சமைத்துப் போட ஆள் வைத்திருந்தார்கள். இன்று எங்கள் தெருவிலிருந்து சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் போகிற பிள்ளைகளுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? ஓர் அறையில் நாலைந்து பேர், ஓர் இண்டக்ஷன் அடுப்பு, ஒரு குக்கர். அவர்கள் கைப்பேசியில் தேடுவது நண்டு மசாலாவை அல்ல. சாதம் குழையாமல் வைப்பது எப்படி, ஒரு ஆளுக்கு எவ்வளவு பருப்பு, வெங்காயம் எவ்வளவு நேரம் வதங்க வேண்டும், மிஞ்சிய சாதத்தை என்ன செய்வது என்பவைதாம் அவர்களின் கேள்விகள். உங்கள் பக்கத்தில் "செட்டிநாட்டு ஸ்பெஷல்" என்று இருபத்தைந்து சாமான் போட்ட கோழிக் குழம்பு வருகிறது. எங்கள் ஊர்ச் சமையல் என்றாலே மசாலா மூட்டை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். களைந்த அரிசித் தண்ணீரில் புளி கரைத்து, வெண்டைக்காயைப் போட்டு வைக்கும் மண்டி எங்கள் வீடுகளில் வாராவாரம் உண்டு. செலவு குறைவு, தொடக்கக்காரனுக்கு ஏற்றது. அதை நீங்கள் வெளியிட்டு நான் பார்க்கவில்லை.

இப்போது வேண்டுகோள். ஒரே ஒன்றுதான். எந்தக் குறிப்பையும் அச்சுக்கு அனுப்பும் முன், உங்கள் அலுவலகத்தில் இதுவரை அடுப்பே பற்றவைக்காத ஒருவரிடம் கொடுங்கள். அப்படி ஒருவர் இல்லாத அலுவலகம் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. அவர் அந்தத் தாளை மட்டும் பார்த்து, யாரையும் கேட்காமல் செய்யட்டும். எந்த வரியில் அவர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறாரோ அந்த வரியில் ஓர் எண்ணையோ அடையாளத்தையோ சேருங்கள். "பொன்னிறமாக" என்ற இடத்தில் எத்தனை நிமிடம், எவ்வளவு தீ என்று வரும். "எண்ணெய் காய்ந்ததும்" என்ற இடத்தில், துளி மாவைப் போட்டால் உடனே மேலே எழும்ப வேண்டும் என்று வரும். பக்கத்தில் நான்கு குறிப்புக்குப் பதில் இரண்டுதான் அடங்கும் என்பீர்கள். இரண்டு போதும். படத்தைச் சற்றுச் சிறிதாக்கினால் மூன்றுகூட அடங்கும்.

இந்தக் கடிதம் நீளம் என்று தெரியும். வெட்டுவதானால் என் கதையை வெட்டுங்கள், அளவுகளை வெட்டாதீர்கள்.

கடைசியாக, அவசரமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. சென்ற தீபாவளிக்கு அதிரசக் குறிப்பைப் பண்டிகைக்கு முந்தின நாள் இதழில் வெளியிட்டீர்கள். பாகு காய்ச்சி மாவில் ஊற்றிக் கிளறிய பிறகு அது குறைந்தது ஒரு நாளாவது ஊற வேண்டும், இரண்டு மூன்று நாள் ஊறினால் இன்னும் நல்லது. இந்த ஆண்டு ஒரு வாரம் முன்னதாகப் போடுங்கள். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுத் திரட்டினால் மெத்தென்று உருள வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். வெல்லம் இத்தனை கிராம் என்பதை மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நியாயவிலைக் கடை விற்பனையாளர்,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.